எதிரூர் வாத்தியம்

பிலெமோன் ஆள் குட்டை, வாத்தியம் பெரிது. தூபா என்கிற பெரிய ஊதுகுழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் தெருவில் வந்தால் ஆளுக்கு முன்னால் பித்தளைதான் கண்ணில் படும். "முதல்ல குழாய் வரும், அப்புறமா என் வீட்டுக்காரர் வருவாரு" என்று அவர் மனைவி ஒத்திலியா சொல்லாத கல்யாணம் கிடையாது, ஞானஸ்நான விருந்து கிடையாது. பிலெமோனும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பவரைப் போல வாய்விட்டுச் சிரிப்பார். சிரிப்பில் கஞ்சத்தனம் இல்லாத மனிதர்.

லாஸ் ஏஞ்சலஸில் பணக்காரர்கள் காத்திருந்து சாப்பிடுகிற ஓர் இத்தாலியச் சாப்பாட்டுக் கடையில் அவருக்கு அடுப்படி வேலை. பாத்திரம் கழுவ வந்தவர், மெல்ல மெல்ல குழம்புக்குப் பொறுப்பாகிவிட்டார். இத்தாலியை அவர் பார்த்ததில்லை, பார்க்க ஆசையும் இல்லை. "அங்க போய் என்ன பண்றது? அங்கயும் நம்மூர்க்காரன்தான் சமைச்சிட்டிருப்பான்" என்பார். அவருடைய ஊர் மெக்ஸிகோவின் ஓஹாக்கா மலைகளில் இருக்கும் யலவே. யலவேயில் மிச்சம் இருப்பவர்களைவிட லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் யலவேக்காரர்கள் அதிகம். வாரம் முழுக்க அடுப்படிகளிலும் துணி தேய்க்கும் கடைகளிலும் அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பின்னாலும் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பேண்டு.

அந்த மலையில் பிள்ளைகள் எழுத்துக்கு முன்னால் ஸ்வரம் படிக்கும். ஊர் பேண்டு மாஸ்டர் ஆள் பார்த்து வாத்தியம் கொடுப்பதில்லை. எது காலியாகக் கிடக்கிறதோ அதைத் தூக்கிக் கையில் கொடுப்பார். சின்ன வயதில் பிலெமோன் ட்ரம்பெட் கேட்டுச் சாப்பிடாமல் அழுது பார்த்தார். கிடைத்தது அடிக்குரல் முழக்கும் தூபா. போகப் போக அதுவே பிடித்துப்போனது. மேலே நின்று மினுக்குகிறவர்கள் மினுக்கட்டும், கீழே நின்று தாங்குகிற வேலை எனக்குப் போதும் என்று நினைக்கிற சுபாவம் அவருக்கு. ஆனால் தூபா இல்லாத பேண்டைக் கேட்டால் மட்டும் அவருக்குப் பொறுக்காது. எழுந்து வெளியே போய்விடுவார்.

கொரியர்கள் நிறைந்த பேட்டையில் பழைய செங்கல் கட்டிடம் ஒன்றில் இரண்டாம் மாடி வீடு. மேல்வீட்டு யூன் அம்மா, தூபா முழங்கியதும் துடைப்பக் கட்டையால் தரையைத் தட்டுவாள். பிலெமோன் அதைத் தாளம் என்று எடுத்துக்கொள்வார். இந்தக் கட்டிடத்தை ஒரு புதிய முதலாளி வாங்கி, எல்லாரையும் வெளியே தள்ளிவிட்டுப் பளபளவென்று மாற்றப் பார்த்தான். விட்டாளா லொரெட்டா? மூன்றாம் மாடியில் இருக்கும் கறுப்பினத்துப் பெண்மணி, பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள், அறுபதைத் தொட்டவள். அவள் குரலுக்குப் பஸ்ஸிலுள்ள வாண்டுகளே அடங்கும்போது முதலாளி எம்மாத்திரம். வீடு வீடாகக் கதவைத் தட்டிக் குடித்தனக்காரர் சங்கம் ஒன்றைக் கட்டினாள். ஞாயிறு காலையில் யலவே பேண்டு முழுவதையும் முதலாளி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். பாட்டு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அவன் தூங்க வேண்டுமே. சில ஞாயிறுகளிலேயே வழிக்கு வந்துவிட்டான். அன்றைக்கு லொரெட்டா பிலெமோனின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு ஒண்ணுன்னா நாங்க வந்து நிப்போம் தம்பி" என்றாள். இப்படி எல்லாரும்தான் சொல்கிறார்கள். ஆனால் இவள் சொன்னபடி செய்கிறவள்.

இனி லச்சியூ. அந்தப் பேரைச் சொன்னாலே யலவேக்காரர்கள் முகம் கோணும். யலவேக்கு அடுத்த ஊர்தான். இரண்டுக்கும் நடுவில் ஒரு மலைமுகடு, கொஞ்சம் பைன் மரம், ஓர் ஊற்று. அது யாருக்கு என்பதில் தாத்தா காலத்திலிருந்து சண்டை. மண்டை உடைந்திருக்கிறது, மாடு காணாமல் போயிருக்கிறது. சரி, மலையில்தான் அப்படி என்றால், ஒரு பிடி மண்கூடச் சொந்தமில்லாத லாஸ் ஏஞ்சலஸிலுமா? இங்கேயும் அப்படித்தான். மலையை விட்டுவிட்டு வந்தவர்கள் எல்லைக்கல்லை மட்டும் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒரே ரொட்டிக் கடை, ஒரே வரிசை, ஆனால் ஒரு வணக்கம் கிடையாது. தெருமுனைச் சலவைக் கடையில் கதவோரத்து இயந்திரங்கள் யலவேக்கு, சுவரோரத்து இயந்திரங்கள் லச்சியூவுக்கு. யாரும் போர்டு எழுதி மாட்டவில்லை, ஆனாலும் யாரும் மீறியதில்லை.

பிலெமோனின் தம்பி கிறிசோபரோ. எல்லாருக்கும் கிறிசோ. அண்ணனோடு அதே கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவன். எங்கள் மலையூர்களில் பதவி என்பது கேட்டு வாங்குவதல்ல. ஊர்ச்சபை கூடி உன் வீட்டிலிருந்து ஓர் ஆள் வர வேண்டும் என்று சொல்லிவிட்டால் எந்த தேசத்தில் இருந்தாலும் போய்ச் சேர வேண்டும். கூலி கிடையாது, மறுப்பும் கிடையாது. ஊர் நிலத்துக்குப் பொறுப்பாளராக பிலெமோன் வீட்டு ஆளைக் கூப்பிட்டார்கள். முறைப்படி போக வேண்டியவர் மூத்தவர். "உனக்குப் பிள்ளைங்க படிக்குது, நான் ஒத்தை ஆள்" என்று கிறிசோ கிளம்பிவிட்டான். போன இடத்தில் கல்யாணமும் முடித்து, போன் பேசும்போதெல்லாம் "இங்க வெயிலே வேற அண்ணே" என்று பெருமை அடிப்பான்.

அந்த மலைமுகட்டில் வெள்ளி இருக்கிறது என்று ஒரு சுரங்கக் கம்பெனி வந்தது. யலவே சபை கூடி வேண்டாம் என்றது. கிறிசோதான் அதை எழுந்து நின்று சொன்னவன். ஒரு சனிக்கிழமை பொழுது சாயும் நேரம், முகத்தை மூடிய ஆட்கள் வெள்ளை வண்டிகளில் துப்பாக்கியோடு வந்தார்கள். காவல் குடிசையைக் கொளுத்தினார்கள், இரண்டு பேரைச் சுட்டுக் காயப்படுத்தினார்கள், கிறிசோவை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தகவல் வந்தபோது பிலெமோன் அடுப்பு முன்னால் நின்றிருந்தார். போனைக் காதில் வைத்தபடியே குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாராம். குழம்பு அடிப்பிடித்த பிறகுதான் பக்கத்தில் நின்றவர்கள் வந்து கரண்டியை வாங்கினார்கள்.

மெக்ஸிகோ டிவியில் ஓர் அதிகாரி வந்து, இது இரண்டு ஊர்களுக்கு நடுவே உள்ள பழைய எல்லைத் தகராறு, அவர்களே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியது என்றார். பிலெமோன் அப்படியே நம்பினார். வெளியூர்க்காரன் யாராவது இருந்தால் ஒரு நிமிஷம் யோசித்திருப்பான். யலவேயில் பிறந்தவனுக்கு யோசிக்க ஒன்றுமில்லை. மழை பெய்யாவிட்டாலும் லச்சியூக்காரன் வேலை என்று கேட்டு வளர்ந்தவர். சமையல் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், ஊர்க்காரர்களின் முகநூல் பக்கத்தில் நேரலையில் வந்து நின்றார். "என் தம்பியைத் தூக்குனது லச்சியூ நாய்ங்கதான்" என்றார். இன்னும் சிலதும் சொன்னார், அதை நான் எழுத மாட்டேன். சிரித்த முகமாகவே பார்த்த மனிதரை அப்படிப் பார்த்து ஊரே மிரண்டுபோனது.

மறுநாள் மாலை கட்டிடத்தின் கீழே கார் நிறுத்துமிடத்தில் கூட்டம். யலவேக்காரர்கள் வந்தார்கள். யாரும் கூப்பிடாமலே சங்கத்து ஆட்களும் இறங்கி வந்தார்கள்; யூன் அம்மா ஒரு பெரிய பானையில் சூப் கொண்டுவந்து வைத்துவிட்டு, பிலெமோனின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். மெக்ஸிகோ துணைத் தூதரகத்தின் முன்னால் போய் நிற்போம், இரண்டு தேசத்திலும் சத்தம் கேட்க வேண்டும் என்றாள் லொரெட்டா. யாரிடம் என்ன கேட்கப் போகிறோம் என்றும் கேட்டாள். லச்சியூக்காரர்களைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்று நாலா பக்கமும் குரல். லொரெட்டா நெற்றியைச் சுருக்கினாள். "பக்கத்து வீட்டுச் சண்டைன்னுதானே அந்த அதிகாரி சொல்றாரு. நீங்களும் அதையே போய்ச் சொன்னா, ரொம்ப நன்றின்னு அனுப்பி வெச்சிடுவாங்க. அப்புறம் உங்க தம்பியை யாரு தேடுவா?" என்றாள். பிலெமோனுக்கு அவள் மேல் கோபம்தான் வந்தது. இவளுக்கு எங்கள் மலையைப் பற்றி என்ன தெரியும் என்று படியேறிப் போய்விட்டார்.

அவருக்குத் தெரிந்த மலையைக் கவிழ்த்துப் போட்டது சலவைக் கடை.

ஒத்திலியா கதவோரத்து இயந்திரத்தில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். சுவரோரத்தில் ஒரு பெண் ஈரத் துப்பட்டியில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தாள். அவள் காசில்தா, லச்சியூ பேண்டு மாஸ்டர் எர்குலானோவின் மனைவி. தன் ஊர்ப் பேச்சில் யாரையோ சபித்துக்கொண்டே அழுதாள். இரண்டு ஊர்ப் பேச்சும் ஒருவருக்கொருவர் புரியும், திட்டிக்கொள்ள அது ஒரு வசதி. சாபம் யலவேக்குத்தான் என்று தெரிந்ததும் ஒத்திலியாவுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தாண்டக் கூடாத இடத்தைத் தாண்டிச் சுவரோரம் போனாள்.

"என்னத்துக்கு எங்க ஊரை வையிறே?"

"ஏன் வைய மாட்டேன்? என் கூடப்பிறந்தவன் அவுரேலியோவை உங்க ஆளுங்கதானே தூக்கிட்டுப் போனானுங்க? ஊத்துக்குக் காவல் இருந்தவனை அடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கானுங்க."

"எப்போ?"

"சனிக்கிழமை. இருட்டுற நேரம்."

ஒத்திலியா பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். "என்ன வண்டி?" என்றாள்.

"வெள்ளை வண்டி, ரெண்டு. கண்ணாடியெல்லாம் கறுப்பு."

"எங்க கொழுந்தனைத் தூக்குனதும் அதே வண்டிதான். உங்க ஊர்ல யார்கிட்டடி அப்படி வண்டி இருக்கு?"

"எங்க ஊர்ல கழுதைக்கே வழியில்லை" என்றாள் காசில்தா.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒத்திலியா அந்த ஈரத் துப்பட்டியின் ஒரு முனையைப் பிடித்தாள், காசில்தா மறுமுனையைப் பிடித்தாள், முறுக்கிப் பிழிந்தார்கள். அப்படியே நின்று பேசினார்கள், மெஷின் நின்ற பிறகும் பேசினார்கள்.

வீட்டுக்கு வந்து ஒத்திலியா சொன்னதை பிலெமோன் முதலில் ஏற்கவில்லை. லச்சியூப் பெண்கள் கண்ணீர் விடுவதில் கெட்டிக்காரிகள் என்று ஆரம்பித்தார். ஒத்திலியா துணிக் கூடையைத் தரையில் போட்டாள். "நிறுத்துய்யா. நீ நாய்னு சொன்னியே, அந்த வீட்டுலயும் அடுப்பு எரியலையாம். அந்தப் பொம்பளையும் போனையே பார்த்துட்டு உக்காந்திருக்கா. நீ நடுத்தெருவுல நின்னு அந்த அதிகாரி சொன்னதையே சொல்லிக் கொடுத்திருக்கே. கம்பெனிக்காரன் உனக்குச் சம்பளமே தரலாம்" என்றாள். தன்னைப் போலவே லச்சியூவும் அந்த அதிகாரி சொன்னதை நம்பி, யலவேயைச் சபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் பிலெமோனுக்கு உறைத்தது. இரண்டு ஊரும் ஒன்றை ஒன்று சபித்துக்கொண்டிருக்கும் வரைக்கும் தம்பியைத் தேட ஆள் கிடையாது. வெட்கம் பிடுங்கித் தின்றது. நேராக மூன்றாம் மாடிக்கு ஏறிப்போய் லொரெட்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். தூதரகத்தின் முன்னால் இரண்டு ஊரும் வந்து நின்றால் அந்தப் பொய் அங்கேயே செத்துவிடும் என்றாள் அவள். யார் போய் எர்குலானோவைக் கூப்பிடுவது என்று கேட்டாள்.

"நாய்னு சொன்னவன்தான் போகணும் அக்கா" என்றார் பிலெமோன்.

ஒரு பேண்டை இன்னொரு பேண்டு அழைக்க எங்களிடம் முறை உண்டு. அதற்குக் கொசோனா என்று பெயர். மொய் மாதிரிதான், ஆனால் காசு இல்லை. இன்றைக்கு நீ எனக்கு வந்து வாசித்தால் நாளைக்கு உன் திருவிழாவுக்கு நான் வந்து வாசிக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவன் வந்து வேலை செய்ய வேண்டும். கேட்கப் போகிறவன் மஞ்சள்கரு ரொட்டி ஒரு கூடையும் மெஸ்கால் சாராயம் ஒரு புட்டியும் கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டு நிற்க வேண்டும். உட்காரக் கூடாது, கூடையைத் தொடக் கூடாது. பேச வேண்டியதைப் பேசி முடித்த பிறகு, அழைத்தவன் கையால் கொடுக்கும் ரொட்டியை வீட்டுக்காரர் வாங்கிவிட்டால் சம்மதம். வாங்காவிட்டால் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போக வேண்டியதுதான். அந்த அவமானத்துக்குப் பயந்தே பலர் கேட்கப் போக மாட்டார்கள்.

சனிக்கிழமை காலை பிலெமோனும் ஒத்திலியாவும் எர்குலானோ வீட்டுக்குப் போனார்கள். லொரெட்டாவும் வந்தாள். டிரைவர்கள் கூட்டம் ஒன்றிலிருந்து நேராக வந்திருந்தாள், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. முற்றத்தில் எலுமிச்சை மரத்தடியில் எர்குலானோ உட்கார்ந்திருந்தார். சோபாவுக்கு உறை தைக்கிறவர், நெடு நெடுவென்ற ஆள், சிரிப்பென்றால் என்னவென்று தெரியாத முகம். பின்னால் காசில்தா நின்றாள். ஒத்திலியாவைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். பிலெமோன் கூடையையும் புட்டியையும் மேசையில் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்த பேச்சைத் தொடங்குவதற்கு முன்னால் எர்குலானோவே பேசினார்.

"இந்த வாய்தானே எங்களை நாய்னு சொன்னது?"

பிலெமோனுக்கு மனப்பாடம் எல்லாம் பறந்துபோனது. "ஆமா. இந்த வாய்தான்" என்றார்.

அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. ஒருவர் நிற்க, ஒருவர் உட்கார்ந்திருக்க, அப்படியே போய்க்கொண்டிருந்தது. காசில்தா தரையைப் பார்த்தாள், ஒத்திலியா மரத்தைப் பார்த்தாள். லொரெட்டா ரொட்டியைப் பார்த்தாள். இவர்கள் ஊரில் சாப்பிட்ட பிறகுதான் பேச ஆரம்பிப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டாள். முன்னால் வந்து கூடைக்குள் கையை விட்டு, பெரிய ரொட்டி ஒன்றை எடுத்து இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியைத் தன் வாயில் வைத்துக்கொண்டு, மறு பாதியை வீட்டுக்காரரிடம் நீட்டினாள். எர்குலானோ நல்ல வளர்ப்பு. பெண்பிள்ளை நீட்டினால் வாங்கித்தானே பழக்கம். வாங்கிவிட்டார்.

வாங்கிய பிறகுதான் கையைப் பார்த்தார். பிலெமோனும் அந்தக் கையையே பார்த்தார். லொரெட்டா மட்டும் மென்றுகொண்டிருந்தாள். "ரொம்ப நல்லாருக்கு, காப்பி இருக்கா?" என்றாள்.

முதலில் சிரித்தது காசில்தா. சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்தினாள், முடியவில்லை. ஒத்திலியாவுக்கும் தொற்றிக்கொண்டது. அத்தனை நாள் அழுத இரண்டு பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்ததில் எர்குலானோவே தடுமாறிப்போனார். ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"வாங்கினது வாங்கினதுதான். இந்த அம்மாவுக்காக எங்க பேண்டு வரும். யலவேக்காக இல்லை."

"போதும்" என்றார் பிலெமோன்.

விஷயம் என்ன என்று லொரெட்டாவுக்கு ஒத்திலியா விளக்கினாள். ரொட்டி கொடுத்தது அவள் கை, அதனால் அவளுடைய சங்கம் இனி லச்சியூவுக்குக் கடமைப்பட்டது. ஜனவரியில் அவர்களுடைய சாந்தா இனெஸ் திருவிழாவுக்கு ஆள் அனுப்பியே ஆக வேண்டும். என்ன வேலை என்று லொரெட்டா கேட்டாள். பூண்டு உரிக்கிற வேலைதான் முதலில் என்றாள் காசில்தா. "எங்க கட்டிடத்துல கொரியாக்காரம்மாங்க இருக்காங்க. அவங்களைப் பூண்டு விஷயத்துல யாரும் ஜெயிக்க முடியாது" என்று லொரெட்டா அங்கேயே ஒப்புக்கொண்டாள். அப்படியே அனுப்பவும் செய்தாள். யூன் அம்மா உரித்த வேகத்தைப் பற்றி லச்சியூக்காரர்கள் இன்றைக்கும் பேசுகிறார்கள்.

கிளம்பும்போது எர்குலானோ பிலெமோனை நிறுத்தினார். அதே வாயால், அதே இடத்தில், மாற்றிச் சொல்ல வேண்டும் என்றார். பிலெமோன் போனை லொரெட்டாவிடம் கொடுத்து, எலுமிச்சை மரத்தடியிலேயே நின்று நேரலையில் சொன்னார். "என் தம்பியைத் தூக்குனது லச்சியூ இல்லை. நான் தெரியாம வாயை விட்டுட்டேன். அவங்க வீட்டுப் பிள்ளையையும் அதே ஆளுங்கதான் கொண்டுபோயிருக்காங்க." யலவேக்காரர்களில் பாதிப் பேர் அவரை விலைபோனவர் என்று அன்று முழுக்கத் திட்டித் தீர்த்தார்கள். அவர் ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை.

தூதரகத்துக்கு முன்னால் நல்ல கூட்டம். குடித்தனக்காரர் சங்கம் வந்தது, லொரெட்டாவின் டிரைவர்கள் வந்தார்கள், கார் கழுவுகிறவர்கள், சர்ச்சுக்காரர்கள், மலையைப் பற்றி ஒன்றுமே தெரியாத மாணவர்கள் எல்லாரும் வந்தார்கள். எல்லாம் சரி, சிவப்புச் சட்டையில் யலவே தெருவின் இந்தப் பக்கம், பச்சைச் சட்டையில் லச்சியூ அந்தப் பக்கம். நடுவில் வாகனங்கள் போகும் சாலை. கிறிசோ பேர் எழுதிய துணி ஒரு பக்கம், அவுரேலியோ பேர் எழுதிய துணி மறுபக்கம். ஒரே துணியில் இரண்டு பேரையும் எழுத யாரும் சம்மதிக்கவில்லை. பிலெமோன் சொன்னால் ஆயிற்றா? பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. இரண்டு தொலைக்காட்சிக் கேமராக்கள் வந்திருந்தன. பார்க்கிறவர்களுக்கு, இரண்டு ஊரும் இங்கேயும் சண்டைக்கு நிற்கிறது என்றுதான் தோன்றும். லொரெட்டா ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினாள், நடக்கவில்லை.

எர்குலானோ கையைத் தூக்கினார். லச்சியூ பேண்டு வாசிக்க ஆரம்பித்தது. மலைக்காரர் எல்லாருக்கும் தெரிந்த, கல்யாணத்திலும் அடக்கத்திலும் வாசிக்கிற பழைய வால்ட்ஸ் மெட்டு. ஆரம்பித்ததுமே பிலெமோனுக்கு ஏதோ உறுத்தியது. அடியில் ஒன்றுமே இல்லை. கழுத்தை நீட்டிப் பார்த்தார். லச்சியூவின் தூபாக்காரன் வரவில்லை. கிடங்கு வேலையில் அவனுக்கு விடுப்புக் கொடுக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. ட்ரம்பெட்டுகள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. பொறுத்துப் பார்த்தார். அவரால் முடியவில்லை. தூபாவைச் சரியாக மாட்டிக்கொண்டு சாலையில் இறங்கினார். ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி இரண்டு கார்களை நிறுத்தினார். சிவப்புச் சட்டைக்காரர் பச்சைச் சட்டைகளுக்கு நடுவில் போய் நின்றார். எர்குலானோ திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் ஓர் அடி நகர்ந்து இடம் விட்டார். பிலெமோன் ஊதினார், பாட்டுக்குக் கால் கிடைத்தது.

இப்போது யலவே பேண்டுக்கு ஆபத்து. தூபா போய்விட்டது! தூபா இல்லாமல் இந்தப் பக்கம் நின்று எதை வாசிப்பது? கிளாரினெட்டுக்காரர் ஒருவர் முனகிக்கொண்டே இறங்கினார். பின்னால் முரசுக்காரர், அதற்குப் பின்னால் எல்லாரும். கிறிசோவின் பேர் எழுதிய துணியைப் பிடித்திருந்தவர்கள் தனியாக நின்று என்ன செய்வார்கள்? அவர்களும் வந்துவிட்டார்கள். ஒத்திலியா ஒரு துணியின் முனையைக் காசில்தாவிடம் கொடுத்தாள். எங்கும் சிவப்பும் பச்சையும் கலந்து நின்றது. தூதரகத்திலிருந்து அதிகாரி இறங்கி வந்து மனுவை வாங்கிக்கொண்டார். அதில் எழுதியிருந்தது யலவே, லச்சியூ என்ற இரண்டு ஊர்ப் பேரும்.

அந்தக் காட்சி மலைக்குப் போயிற்று. யலவேயில் கோயில் மேட்டில் ஏறினால்தான் போனுக்கு உயிர் வரும். ஊரே ஏறி நின்று பார்த்ததாம். லச்சியூவிலும் பார்த்தார்கள். மறுநாள் இந்தப் பக்கத்திலிருந்து இவர்களும் அந்தப் பக்கத்திலிருந்து அவர்களும் மலைமுகட்டுக்கு ஏறினார்கள். சண்டைக்கு அல்ல. கம்பெனி வண்டிகள் போகும் பாதையில் இரண்டு ஊர் பேண்டும் ஒன்றாக உட்கார்ந்துகொண்டது. பள்ளிக்கூட வாத்தியார்கள் வந்து சேர்ந்தார்கள், பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். எல்லைத் தகராறு என்று சொன்ன அதிகாரியிடம் கேள்வி கேட்டார்கள். பாதை திறக்கவே இல்லை. துப்பாக்கி பிடித்தவன் யார், ஏவியவன் யார் என்பது இன்னும் வெளிவரவில்லை, வரும் என்ற நம்பிக்கையும் எனக்கு அவ்வளவாக இல்லை. ஆனால் ஒரு நாள் மத்தியானம், மலையடிவாரச் சாலையோரத்தில் கண்ணைக் கட்டி இரண்டு பேரை இறக்கிவிட்டுப் போனார்கள்.

பிலெமோன் அடுப்பு முன்னால் நின்றிருந்தார். போனில் வந்தது தம்பியின் குரல். கரகரத்துப் போயிருந்தது, இருந்தாலும் தம்பிதான்.

"அண்ணே."

பிலெமோன் அடுப்பை அணைத்தார்.

"அண்ணே, நீ லச்சியூ பேண்டுல வாசிச்சியாமே."

"ஆமாடா."

"மானத்தை வாங்கிட்டியே."

இரண்டு பேரும் சிரிக்கப் பார்த்தார்கள். அது சிரிப்பாக வரவில்லை. அடுப்படியில் மற்றவர்கள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிறிசோ மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னான்.

"எங்க ரெண்டு பேரையும் ஒரே ஆட்டுக் கொட்டகையில கட்டிப் போட்டிருந்தானுங்க. ஒரே போர்வை. முதல்ல நானும் அவுரேலியோவும் மூஞ்சியைக்கூடப் பார்த்துக்கலை. அப்புறம் குளிர் வந்துருச்சு அண்ணே." கொஞ்சம் நிறுத்தினான். "அவருக்கு ஊருக்கு நடக்கத் தெம்பு இல்லை. இப்ப நம்ம வீட்லதான் இருக்காரு. உக்காந்து சாப்பிட்டுட்டிருக்காரு."

அந்த வீட்டு வாசற்படியை லச்சியூக்காரர் ஒருவரும் அதுவரை மிதித்ததில்லை.

"என்ன போட்டீங்க?" என்றார் பிலெமோன்.

"கோழி அடிச்சோம்."

"கேட்டுக் கேட்டுப் போடச் சொல்லுடா" என்றார். மறுபக்கத்தில் தட்டில் கரண்டி படும் சத்தம் கேட்டது, அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.